இடைவெளிக்கு யார் சாட்சி

1

'அதே' என்ற சொல் தத்துவத்தில் பெரும்பாலும் ஒரு புத்தி விளையாட்டாகவே விசாரிக்கப்பட்டு வந்திருக்கிறது. முதல் ஜாமத்தில் எரிந்த சுடரும் கடைசி ஜாமத்தில் எரிந்த சுடரும் ஒன்றுதானா என்று மிலிந்த மன்னனிடம் நாகசேனர் கேட்டது பலருக்கும் தெரியும். அதே உரையாடலில் வரும் மாம்பழத் திருடனை அவ்வளவாக யாரும் நினைவு கூர்வதில்லை. பிடிபட்டதும் அவன் வாதாடுகிறான்: இவர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு, இவருடையது எதையும் நான் எடுக்கவில்லை. தர்க்கத்தில் பிசகில்லை. ஆனாலும் அவன் தண்டனைக்குரியவன் என்கிறான் மன்னன்.

இரண்டு உதாரணங்களும் ஒன்றையே விளக்க வந்தவை என்றாலும் அவற்றுக்கிடையே முக்கியமான வித்தியாசம் உண்டு. சுடரைப் பற்றி எந்தப் பதில் சொன்னாலும் யாருக்கும் எதுவும் குறையப் போவதில்லை. மாம்பழ விஷயத்திலோ எதிரே பழம் போனவன் நிற்கிறான். 'அதேதானா' என்று கேட்பது அவன்.

மேற்கில் இக்கேள்விக்கு நம் காலத்தில் பிரபலமான வடிவம் தந்தவர் டெரக் பார்ஃபிட். 1984ல் வந்த 'ரீஸன்ஸ் அண்ட் பெர்ஸன்ஸ்' நூலில் அவர் ஒரு யந்திரத்தைக் கற்பனை செய்கிறார். அது பூமியில் ஒருவனின் உடலை அணு அணுவாகக் குறித்துக் கொண்டு, உடலை அழித்து, குறிப்பை செவ்வாய்க்கு அனுப்பி அங்கே அவனைத் திரும்பக் கட்டுகிறது. செவ்வாயில் கண் விழிப்பவன் நானா? பார்ஃபிட் வந்து சேரும் முடிவு, அடையாளம் முக்கியமில்லை, மனத் தொடர்ச்சி இருந்தால் போதும் என்பது. கவனிக்க வேண்டியது, கேள்வி முழுக்கப் பிரயாணியின் பக்கத்திலிருந்தே கேட்கப்படுகிறது. அவனுக்குக் கடன் கொடுத்தவனுக்கு இந்தக் கதையில் வசனம் அதிகமில்லை.

மனிதனுக்கு அப்படி ஒரு யந்திரம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு இருக்கிறது. நடு ஓட்டத்தில் அதை நிறுத்தி, இருந்த நிலை முழுவதையும் ஃபைல்களாக எழுதி, அதைக் கொன்று, பின்னொரு நாள் வேறொரு யந்திரத்தில் விட்ட இடத்திலிருந்து எழுப்புகிறார்கள். எழுதி வைத்த ஃபைல்களுக்கு அவர்கள் 'இமேஜ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். படிமம் என்ற சொல்லை நாம் இங்கே இவ்வளவு விரயம் செய்திருக்கையில், இப்படிக் கறாரான அர்த்தமும் அதற்கு உண்டு என்று தெரிந்து கொள்வதில் நஷ்டமில்லை. இவர்கள் தத்துவவாதிகள் அல்ல. செய்து காட்ட வேண்டியவர்கள். எனவே தத்துவம் தாண்டிப் போன இடங்களில் இவர்கள் தடுக்கி விழ வேண்டியிருந்தது. விழுந்த இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

2

நிரல் வேறு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் வேறு. நிரல் கூத்தின் ஏடு மாதிரி. எத்தனை ஊரிலும் ஆடலாம். ஓடுவதோ, இன்றிரவு, இந்த ஊரில், இந்த விருத்தத்தின் பாதியில் வந்து நிற்கும் கூத்து. ப்ராசஸ் என்கிறார்கள், நான் ஓட்டம் என்கிறேன்.

ஓட்டத்தைப் பத்திரப்படுத்த ஏடு போதாது. நினைவகத்தில் அது எழுதி வைத்திருப்பவை வேண்டும். ப்ராசஸரின் ரெஜிஸ்டர்களில் அந்தக் கணம் நின்ற எண்கள் வேண்டும். எந்தெந்த ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் எதுவரை வந்திருக்கிறது, பாதி ஓடிய டைமர்கள், வந்து சேர்ந்தும் கவனிக்கப்படாத சிக்னல்கள், அது பெற்ற பிள்ளை ஓட்டங்கள் எல்லாம் வேண்டும். அதன் எண்ணும் வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கெர்னல் ஓர் எண் தருகிறது. அதை ஓட்டம் எங்காவது குறித்து வைத்திருக்கலாம். வேறு எண்ணில் எழுப்பினால் தன் குறிப்பே தனக்குப் பொய்யாகி விடும்.

கண்டெய்னர் இங்கேதான் உதவுகிறது. யந்திரத்துக்குக் கெர்னல் ஒன்றுதான். ஆனால் கண்டெய்னருக்குள் இருப்பவற்றுக்குத் தனி எண் வரிசை, தனி ஃபைல் மரம், தனி வலை முகவரி. ஒரே கூரையின் கீழ் தனிக் குடித்தனம். அப்படித் தனித்து இருப்பதால் அப்படியே பெயர்த்துப் போய் வேறு கூரையின் கீழ் வைக்கலாம். அங்கே அந்த எண் வேறு யாரிடமோ இருக்குமே என்ற கவலை இல்லை.

லினக்ஸில் இதைக் கெர்னலுக்குள்ளேயே செய்து விடப் பார்த்த முயற்சி 2008ல் தொடங்கி, 2010 வாக்கில் பெரும் விவாதமாகி, ஏற்கப்படாமல் போயிற்று. கெர்னலின் எல்லா மூலைகளிலும் அது கை வைக்க வேண்டியிருந்தது. 2011ல் பாவெல் எமெல்யானவும் அவரோடு ஓப்பன்விஇசட் கண்டெய்னர்களில் வேலை செய்த ருஷ்ய நண்பர்களும் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தார்கள்: பெரும் பகுதியை வெளியே ஒரு சாதாரண நிரலாகச் செய்வோம், வெளியிலிருந்து முடியாததற்கு மட்டும் கெர்னலிடம் சிறு உதவி கேட்போம். அதன் பெயர் க்ரியு. 2012 ஜனவரியில் முதல் துண்டுகளைச் சேர்க்க எடுத்துக் கொண்ட ஆண்ட்ரூ மார்ட்டன், இது கடைசியில் தேறும் என்று தமக்கு அவர்கள் அளவுக்கு நம்பிக்கையில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். தோற்றுப் போனால் சுவடில்லாமல் நீக்கி விட வசதியாக, சேர்த்தது ஒவ்வொன்றையும் ஒரு பெயரின் கீழ் அடையாளமிட்டு வைக்கச் சொன்னார். நீக்க வேண்டி வரவில்லை. 2013 நவம்பரில் முதல் முழுப் பதிப்பு வந்தது.

3

ஒருவரைப் பற்றி வெளியிலிருந்து எவ்வளவு தெரிந்து கொள்ள முடியும்? க்ரியு முதலில் மோதிய கேள்வி இதுதான். ஓட்டத்தை உறைய வைத்து விட்டு, கெர்னல் காட்டுகிற பட்டியல்களைப் படித்தால் நிறையத் தெரிகிறது. எல்லாம் தெரிவதில்லை. சில விஷயங்களைக் கெர்னல் அந்த ஓட்டம் கேட்டால்தான் சொல்லும். எனவே உறைந்திருக்கும் ஓட்டத்துக்குள் ஒரு சிறு நிரல் துண்டைச் செருகி, அந்த ஓட்டத்தின் பெயராலேயே கேட்க வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஒட்டுண்ணி. வேலை முடிந்து அதை நீக்குவதற்கு வைத்த பெயர் குணப்படுத்துதல். பெயர்களில் ஒளிவு மறைவு இல்லை. செய்வது அத்துமீறல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுப்புவது இதைவிட விசித்திரமானது. க்ரியு ஒரு வெற்றுடலைச் செய்து அதில் உயிரை ஊற்றுவதில்லை. தன்னையே பிள்ளையாகப் பிளந்து, அந்தப் பிள்ளையைச் சிறிது சிறிதாக இறந்து போனதாக மாற்றுகிறது. பழைய எண்ணை வாங்குகிறது. பழைய ஃபைல்களைப் பழைய இடங்களில் திறக்கிறது. நினைவகத்தை நிரப்புகிறது. இறுதியில், இரு தரப்பு நினைவுகளோடும் இடிக்காத ஓர் ஓரத்தில் நின்று கொண்டு, தன்னுடையதாக மிஞ்சியிருப்பதைத் துடைத்து விட்டு, பழைய ரெஜிஸ்டர்களுக்குள் குதிக்கிறது. அந்தக் குதிப்புக்குப் பயன்படுத்துவது, சிக்னல் ஒன்றைக் கவனித்து விட்டு வேலைக்குத் திரும்பும் ஓட்டத்துக்காகக் கெர்னலில் உள்ள வழி. கெர்னலின் பார்வையிலும் இது சின்னக் குறுக்கீட்டிலிருந்து திரும்புதல்தான்.

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நமக்கு உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அது நேர் எதிரானது. திருமூலர் கதையில் இடையன் மூலனின் உடலுக்குள் புகுந்தவர் சிவயோகியாகவே இருக்கிறார். வீட்டுக்கு வரச் சொல்லி வரும் மூலனின் மனைவியிடம் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். பெரிய புராணத்தில் சாத்தனூர்ப் பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவள் அவள்தான். உடல் வந்து நிற்கிறது, கொடுத்த வாக்கு எங்கே? க்ரியுவில் புகுபவன் தன்னை அழித்துக் கொண்டு மூலனாகவே ஆகி விடுகிறான். மனைவிக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. தெரியாமல் இருப்பதே வெற்றி.

இந்த 'தெரியாமல்' என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

4

எழுப்பப்பட்ட ஓட்டத்துக்கு இடைவெளி தெரியக் கூடாது என்பதற்காக எடுக்கப்படும் சிரமம் கொஞ்சமல்ல. லினக்ஸில் ஓர் ஓட்டம் பார்க்கக் கூடிய கடிகாரங்களில் இரண்டு முக்கியம். ஒன்று நம் சுவரில் உள்ளது போன்றது; தேதியும் மணியும் சொல்வது. மற்றது யந்திரம் எழுந்தது முதல் முன்னோக்கியே செல்வது. பின்வாங்க மாட்டேன் என்பது அதன் ஒரே வாக்குறுதி. நேற்று எழுந்த யந்திரத்துக்கு ஓர் ஓட்டத்தை மாற்றினால், மாதக் கணக்கில் ஓடியிருந்த அதன் இரண்டாவது கடிகாரம் திடீரென்று பின்னால் போய் விடும். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 இதற்கு வழி செய்தது. கண்டெய்னருக்கு அந்தக் கடிகாரத்தைத் தனியாகத் தள்ளி வைத்துக் கொடுக்கலாம். உறைந்த கணத்தில் என்ன காட்டியதோ அங்கிருந்தே தொடரும். உறைந்திருந்த நேரம் கணக்கில் வராது.

சுவர்க் கடிகாரத்தை மட்டும் இப்படித் தள்ளி வைக்க இடமில்லை. அது எல்லோருக்கும் பொது. ஆக, எழுந்த ஓட்டம் உள்ளே திரும்பிப் பார்த்தால் ஒரு கணமும் இழக்கவில்லை; வெளியே எட்டிப் பார்த்தால் மூன்று நாள் போயிருக்கிறது. நம் அக வாழ்க்கைக்கும் இந்த இரட்டைக் கடிகாரம் பழக்கமானதுதான். ஆனால் இங்கே அது உருவகமாக இல்லாமல் இரண்டு எண்களாக இருக்கிறது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தன் தொடர்ச்சிக்குத் தானே சாட்சியாக இருக்க முடியாது. நினைவு அறுபடவில்லை என்று உள்ளிருந்து சொல்லும் சாட்சியம் உண்மையானது, அதே சமயம் மதிப்பற்றது. அறுபட்டிருந்தாலும் அது அதையேதான் சொல்லியிருக்கும். மனத் தொடர்ச்சி போதும் என்ற பார்ஃபிட்டின் வாதம் இந்தச் சாட்சியத்தைத்தான் நம்பி நிற்கிறது.

இடைவெளி ஒன்று இருந்தது என்பதற்குச் சாட்சி வெளியேதான் இருக்க முடியும். யார் அது?

5

ஓட்டம் தனியாக ஓடுவதில்லை. வலையின் அந்தப் பக்கம் யாரோ அதோடு பேசிக் கொண்டிருக்கிறார்கள். டி.சி.பி. என்ற நெறியில் அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு. இவ்வளவு வந்து சேர்ந்தது என்று எதிர்ப் பக்கம் ஒப்புக் கொண்டாக வேண்டும். நடுப் பேச்சில் ஒரு முனையைப் பெயர்த்தெடுப்பது எப்படி? 2012ல் லினக்ஸ் 3.5 இதற்காக இணைப்பைப் பழுது பார்க்கும் நிலை என்ற ஒன்றை ஏற்றது. அந்த நிலையில் இணைப்பை மூடினால் எதிர்ப் பக்கத்துக்கு விடை சொல்லும் செய்தி போவதில்லை. திறந்தாலும் கை குலுக்கல் நடப்பதில்லை. வரிசை எண்களையும், அனுப்பி ஒப்புக் கொள்ளப்படாதவற்றையும் எடுத்துப் போய் வேறிடத்தில் அப்படியே வைத்து விடலாம், முகவரி மாறாதிருந்தால். இதற்கிடையில் வாசலையும் அடைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்த தகவலுக்கு, இங்கே அப்படி யாரும் இல்லை என்று கெர்னல் உண்மையைச் சொல்லி இணைப்பை முறித்து விடும்.

எதிர்ப் பக்கம் அறிவதெல்லாம் ஒரு தாமதம். பதில் வராததை மீண்டும் அனுப்புகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் கொண்டே போகிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் சுமார் 15 நிமிஷத்தில் கை விடுகிறது. காணாமல் போனவர்கள் விஷயத்தில் நம் சட்டம் செய்வதும் இதுதான். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலும், 2024ல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும், ஒருவரைப் பற்றி ஏழு வருஷம் தகவலில்லை என்றால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். யாருக்குத் தகவலில்லை? அவர் உயிரோடிருந்தால் இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக் கூடியவர்களுக்கு. காணாமல் போனவரின் நினைவைச் சட்டம் கேட்பதில்லை. காத்திருந்தவர்களைக் கேட்கிறது.

இந்தக் காத்திருப்பவர் விஷயத்தில் க்ரியு நடந்து கொள்ளும் விதம், நான் அறிந்த பல தத்துவங்களைவிட நேர்மையானது. அது மறுக்கிறது. உயிருள்ள டி.சி.பி. இணைப்பைக் கண்டால், வெளிப்படையாக அனுமதி கொடுத்தாலொழிய ஓட்டத்தை எழுதி வைக்க மாட்டேன் என்கிறது. ஓட்டம் ஒரு ஃபைலைப் பூட்டி வைத்திருந்தாலும் அப்படியே. பூட்டுக்காகக் கண்டெய்னருக்கு வெளியே யாராவது காத்திருக்கிறார்களா என்று அதற்குத் தெரிய வழியில்லை. உள்ளே இருப்பது எவ்வளவு சிக்கலானாலும் அதற்கு அது ஒரு வேலை. வெளியே ஒரு நூல் போகிற இடத்தில் நின்று கேட்கிறது: இதற்கு நீ பொறுப்பா? ஆம் என்று ஒரு மனிதன் எழுதித் தர வேண்டும்.

இந்த மறுப்புகளின் பட்டியல் ஒரு ஓட்டத்தின் எல்லை எங்கே என்பதற்கான வரைபடம். எளிதில் பெயர்த்தெடுக்கக் கூடியதெல்லாம் அதனுடையது. பெயர்த்தெடுக்க அனுமதி கேட்க வேண்டியிருப்பது, அதற்கும் இன்னொருவருக்கும் பொதுவானது. நாம் 'சுயம்' என்று உருகுவது முதல் வகை. அது ஃபைலில் அடங்கி விடுகிறது.

6

எழுதி வைத்ததும் மூல ஓட்டத்தைக் கொன்று விடுவது க்ரியுவின் வழக்கம். உயிரோடு விட வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும். குரூரம் போலத் தோன்றும் இதில் ஒரு கருணை இருக்கிறது; யாருக்கு என்பதுதான் விஷயம். இரண்டு பேர் இருந்தால் எதிர்ப் பக்கத்துக்கு வாக்குக் கொடுத்தவன் யார் என்பது குழம்பி விடும்.

ஒரு படிமத்திலிருந்து பல பேரை எழுப்ப முடியும். ஆசையும் லாபமும் அங்கேதான். ஜாவா நிரல்கள் எழுந்து சூடாக நேரமாகும். சூடான ஒன்றை எழுதி வைத்து வேண்டியபோது வேண்டிய அளவு எழுப்பினால் நேரம் மிச்சம். இப்போது ஒன்றை யோசிக்கலாம். ஓர் ஓட்டம், ரகசியச் சாவிகள் செய்வதற்கான தற்செயல் எண்களைத் தன் நினைவகத்தில் உள்ள ஒரு விதையிலிருந்து முளைக்க வைக்கிறது. உறையும்போது விதையும் உறைகிறது. எழுந்த இருவரும் ஒரே 'தற்செயல்' எண்ணைச் சொல்வார்கள். இருவரும் வேறு வேறு ஆட்களுக்கு ஒரே சாவியை, இது உனக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. சாவி வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள்.

பார்ஃபிட்டும் இந்தக் கிளைப் பாதையை யோசித்தார். பூமியில் உள்ளவன் அழியாமல், செவ்வாயில் இன்னொருவன் எழுந்தால்? அப்போதும் அவர் கவலை, பூமியில் இருப்பவன் தன் மரணத்தை எப்படி எடுத்துக் கொள்ள வேண்டும் என்பதே. அடையாளம் முக்கியமில்லை என்பது உள்ளே இருப்பவனுக்கு ஆறுதல். அதைக் கடன் கொடுத்தவனிடம் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். மாம்பழத் திருடன் சொன்னதும் அதுதான்.

இந்த நெருக்கடியில் பொறியாளர்கள் செய்தது கவனத்துக்குரியது. ஒருவனாக எழுப்பிய வரை மறைத்தார்கள். பலராக எழுப்பத் தொடங்கியதும் சொல்லத் தொடங்கினார்கள். 2021ல் ஓப்பன்ஜேடிகே திட்டமாக உருவான க்ராக், க்ரியுவின் மேல் கட்டப்பட்டது. ஆனால் சித்தாந்தத்தில் அதற்கு எதிரி. உறைய வைக்கப் போகிறேன் என்று நிரலிடம் முன்கூட்டியே சொல்கிறது. இணைப்புகளை நீயே மூடு, ஃபைல்களை நீயே விடு என்கிறது. விடாமல் ஏதாவது திறந்திருந்தால் உறைய வைக்க மறுக்கிறது. எழுந்ததும், நீ எழுப்பப்பட்டவன் என்று தெரிவிக்கிறது. கண்டெய்னரை விட்டு, கெர்னலோடு சேர்த்துப் பிரதி எடுக்கப்படும் மெய்நிகர் யந்திரங்களிலும் இதே திசைதான். 2022ல் லினக்ஸ் 5.18ல், நீ பிரதி எடுக்கப்பட்டாய் என்று கெர்னலுக்கே தெரிவித்துத் தற்செயல் விதையைப் புதுப்பிக்க வைக்கும் ஏற்பாடு சேர்ந்தது.

இதை யாரும் அறவுணர்ச்சியில் செய்யவில்லை. விடை சொல்லிக் கொள்ளாமல் போக முடியாது என்பது தொழில் ரீதியாகவே நிரூபணமாயிற்று. அவ்வளவுதான்.

7

மறைப்பதே நோக்கமாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. குபர்நெட்டிஸ் என்ற கண்டெய்னர் மேலாண்மை அமைப்பில், 2022 ஆகஸ்டில் வந்த 1.25 பதிப்பில், இந்த வசதி பரிசோதனை நிலையில் நுழைந்தது. அப்போது சொல்லப்பட்ட உபயோகம் தடயவியல். ஒரு கண்டெய்னருக்குள் யாரோ புகுந்து விட்டதாகச் சந்தேகம் வந்தால், அதற்குத் தெரியாமல் அதை எழுதி எடுத்து, தனியிடத்தில் எழுப்பி ஆராயலாம். மூலம் ஒன்றும் அறியாமல் ஓடிக்கொண்டிருக்கும். நியாயமான காரணம். புகுந்த திருடனுக்கு முன்னறிவிப்புக் கொடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் எழுதி எடுத்ததில் திருடன் மட்டும் இல்லை. அந்தக் கணத்தில் நினைவகத்தில் இருந்த எல்லாம் இருக்கிறது: அப்போது உள்ளே நுழைந்து கொண்டிருந்த ஒருவரின் கடவுச் சொல், இன்னொருவரின் பாதிக் கடிதம், சாவிகள். ஓட்டத்திடம் அவை கொடுக்கப்பட்டது, அது பயன்படுத்தி விட்டு மறந்து விடும் என்ற நம்பிக்கையில். ஓடுகிற எதற்கும் உள்ள பெரிய நற்குணம் மறதி. படிமம் மறப்பதில்லை. அதனால்தான் அந்த ஃபைலை யந்திரத்தின் தலைமை நிர்வாகி தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி வைக்கிறார்கள். அது ஒரு பூட்டு, அனுமதி அல்ல. கடவுச் சொல்லின் சொந்தக்காரரை யாரும் கேட்கவில்லை. அவர் அந்தப் பக்கத்தில் ஒரு தாமதத்தை உணர்ந்திருக்கலாம். அதைக்கூட உணராமல் இருந்திருக்கலாம்.

8

'அதே ஆள்தானா' என்பதற்கு உள்ளிருந்து விடை கிடையாது. நினைவு சொல்வதை நம்ப முடியாது. அது எப்போதும் ஆம் என்றே சொல்லும். வெளியே, நம்மிடம் ஏதோ வர வேண்டியிருக்கிறது என்று காத்திருப்பவர்களிடம்தான் விடை இருக்கிறது. கொடுத்த வாக்குக்குப் பதில் சொல்ல ஒருவன், ஒருவன் மட்டும், வந்து நின்றால் அவன் அதே ஆள். யாரும் வராவிட்டால் செத்துப் போனான். இரண்டு பேர் வந்தால் யாரோ ஏமாற்றப்படப் போகிறார்கள். அதனால் அதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஒரு ஓட்டத்தை எழுப்பிக் கொடுப்பது சாமர்த்தியம். அது உறைந்திருந்ததை எதிர்ப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்பதைச் சாமர்த்தியம் தீர்மானிக்க முடியாது. அதற்குத்தான் அந்த நிரல், அனுமதி கேட்டு ஒரு மனிதனுக்காக நிற்கிறது. பெரும்பாலும் அவன் படிக்காமலே ஆம் என்று எழுதி விடுகிறான்.